பார் பார்த்த கதை

26 வருடங்கள். 13 தடவை.

ஒவ்வொரு தடவையும் தூத்துக்குடிக் கரையிலிருந்து படகுகள் கிளம்பும். கடலுக்குள் போய், அடையாளம் பார்த்து நங்கூரம் போடும். குளியாளர்கள் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடியில் இறங்குவார்கள். கைக்கு அகப்பட்டதைக் கூடையில் அள்ளி வருவார்கள். மேலே படகில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார அதிகாரி எண்ணிப் பார்ப்பார். சிப்பி இல்லை. இருந்தால் பிஞ்சு. அதுவும் இல்லையென்றால் வெறும் ஓடு.

‘இந்த வருஷமும் முத்துக்குளிப்பு கிடையாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

1830-லிருந்து 1856 வரை இதே கதைதான். கம்பெனி ஆட்சி. சும்மா விட்டுவிட மனசு வருமா? 1822-ல் இதே கடல் சுமார் 13 ஆயிரம் பவுன் வருமானம் கொடுத்திருந்தது. 1830-ல் சுமார் 10 ஆயிரம் பவுன். இப்படிக் கொடுத்த கை திடீரென்று இழுத்து மூடிக்கொண்டால் யாருக்குத்தான் கலக்கம் வராது?

ஏன் சிப்பி வரவில்லை? தூத்துக்குடித் துறைமுக அதிகாரியாக இருந்த கேப்டன் ராபர்ட்சன் இதைப் போட்டுக் குடைந்திருக்கிறார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, சங்கு குளிக்கிறவர்கள் முத்துச்சிப்பிப் படுகைமேலேயே நங்கூரத்தைப் போட்டு இழுக்கிறார்கள். சிப்பி பெயர்ந்து சாகிறது. செத்தது அழுகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கிறது.

இரண்டாவது காரணத்தைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். பாம்பன் கால்வாய்! அதை அகலப்படுத்திவிட்டார்கள். அதனால் நீரோட்டம் வேகமாகிவிட்டது. குஞ்சுச் சிப்பிகளால் பாறையில் ஒட்ட முடியவில்லை.

அப்போது இங்கே பயாலஜி டிபார்ட்மெண்ட் கிடையாது. சுற்றுச்சூழல் அமைச்சகம் கிடையாது. ‘பல்லுயிர்’ என்ற வார்த்தையே பிறக்கவில்லை. ஆனாலும் ஒரு கப்பல்காரர், ஓர் இடத்தில் கால்வாய் தோண்டினால் எங்கேயோ இருக்கும் சிப்பிக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். சேது சமுத்திரத் திட்டத்தை வைத்து நம் காலத்தில் நடந்த அத்தனை சண்டைக்கும் அவர் அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்.

என்ன ஒன்று, யோசித்தது தோண்டிய பிறகு!

* * *

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

மன்னார் வளைகுடாவின் அடியில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் பாறைத்தளம் உண்டு. நம் ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பார்’. ஒவ்வொரு பாருக்கும் தனித்தனிப் பெயர். தொலையிரம் பார் என்று ஒன்று, பட்டியலில் ரொம்பப் பிரபலம். முத்துச்சிப்பி மணலில் வளராது. ஒட்டிக்கொள்ள அதற்குக் கெட்டியான தரை வேண்டும். பார் இருந்தால் சிப்பி. சிப்பி இருந்தால் முத்து. முத்து இருந்தால் ராஜாக்கள்!

கொற்கைப் பாண்டியர்களுக்குப் பெருமை சேர்த்தது இந்த முத்துதான். கிரேக்க மாலுமிகளின் பழைய பயணக் குறிப்பு ‘கொல்கி’ என்று கொற்கையைக் குறிப்பிடுகிறது. அங்கே முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்றும் சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறா கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கும் கொடுக்கிறார்.

இந்த மந்திரக்காரருக்குப் பெயர் ‘கடல் கட்டி’. வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுக்கீசியர் வந்து பரதவர்கள் கத்தோலிக்கர்களாக மாறிய பிறகும் கடல் கட்டி வேலை பறிபோகவில்லை. பகுத்தறிவு பேசிய பிரிட்டிஷ் சர்க்காரே அவருக்குப் பங்கு கொடுத்தது. கடல் கட்டி வந்தால்தான் குளியாளர் இறங்குவார். அவர் இறங்கினால்தான் சர்க்காருக்குக் காசு. பிறகு நம்பிக்கையாவது, மூட நம்பிக்கையாவது!

போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடுங்கினார்கள். 1825-ல் அது கடைசியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆண்டவர்கள் மாறினார்களே தவிர, ஒரு வழக்கம் மாறவில்லை. முத்துக்குளிப்புக்கு முன்னால் பாரைப் போய்ப் பார்ப்பது.

நான் பி.காம். படித்தவன். இந்த வழக்கத்தைப் பற்றிப் படித்தபோது என் வாத்தியார் நடத்திய ‘ஸ்டாக் வெரிஃபிகேஷன்’ பாடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வருஷக் கணக்கை மூடுவதற்கு முன்னால் குடோனுக்குள் போய், மூட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். நோட்டில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது.

பிரிட்டிஷ் காலத்தில் இதைக் கச்சிதமாகச் செய்தார்கள். பாருக்குப் பார் ஆள் இறக்குவார்கள். சிப்பி எத்தனை, என்ன வயசு என்று பார்ப்பார்கள். முத்துச்சிப்பிக்கு நாலைந்து வயசுதான் பருவம். அதற்கு முன்னால் எடுத்தால் முத்து தேறாது. ரொம்பத் தள்ளிப்போட்டால் சிப்பி தானாகவே செத்துப்போகும். பருவம் சரியாக இருந்தால், மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை விலை போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு வந்த பிறகுதான் ‘முத்துக்குளிப்பு நடக்கும்’ என்று அறிவிப்பு. கணக்கு சரியாக வராவிட்டால் கிடையாது. அவ்வளவுதான். மேலே சொன்ன 26 வருடங்களில் 13 தடவை திரும்பி வந்தது இப்படித்தான்.

வெள்ளைக்காரனுக்கு சிப்பி மேல் பாசமா என்றால், இல்லை. வருமானத்தின் மேல் பாசம். ஆனால் அந்த வருமானம் அடுத்த வருஷமும் வர வேண்டும் என்ற புத்தி இருந்தது. அதுதான் விஷயம்.

அந்தப் புத்தி கெட்டபோது என்ன நடந்தது என்பதற்கு இதே கடலின் அடுத்த கரையில் ஒரு கதை இருக்கிறது.

* * *

இலங்கைப் பக்கம், மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டி. 1903-லிருந்து வருஷா வருஷம் முத்துக்குளிப்பு. 1905-ல் மட்டும் சர்க்காருக்கு சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். அந்தக் காலத்து 25 லட்சம்! ஒன்றுமே இல்லாத மணல்வெளியில் திடீரென்று ஒரு நகரம் முளைக்கும். தமிழர், அரேபியர், மலபார்க்காரர் என்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். 1906-ல் அங்கே டியூட்டி பார்த்த ஓர் இளம் அதிகாரியின் பெயர் லெனார்டு வுல்ஃப். பிற்பாடு நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபின் கணவராக ஆனவர்.

இத்தனைக்கும் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை லிவர்பூலிலிருந்து வரவழைத்து, அந்தப் பார்களை அலசி ஆராய்ந்து, ஐந்து தொகுதிகளாக அறிக்கையும் வாங்கியிருந்தார்கள். உலகத்தில் அந்தக் காலத்தில் எந்தக் கடலுக்கும் அப்படி ஒரு ஜாதகம் எழுதப்பட்டிருக்காது.

லாபத்தைப் பார்த்ததும் லண்டனில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1906-ல் 20 வருஷத்துக்குக் குத்தகை. வருஷ வாடகை 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். ஒரே வருஷத்தில் பலமாக அடித்தது அதிர்ஷ்டம். ஆனால் 1907-க்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன. 1912 வாக்கில் கம்பெனியே திவால்.

ஹெர்ட்மன் அறிக்கை இன்றைக்கும் நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. சிப்பிதான் இல்லை. அறிக்கை எழுதுவது ஒரு வேலை, அதன்படி முடிவெடுப்பது வேறு வேலை என்பதை இந்தக் கரைக்காரர்களுக்கு 100 வருஷத்துக்கு முன்பே கடல் சொல்லிக் கொடுத்துவிட்டது.

நம் பக்கத்திலும் முடிவு வேறு மாதிரி இல்லை. 1860-ல் சிப்பி திரும்பி வந்தது. இடையிடையே வருவதும் போவதுமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-லிருந்து 1961 வரை ஒரு சுற்று நன்றாக நடந்தது. அதுதான் கடைசி. அதன் பிறகு தூத்துக்குடிக் கடலில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமியும் அவரது குழுவினரும் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். பெரிய சாதனை. ஆனால் பாரில் தானாக விளைந்தது நின்றுபோனது நின்றதுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பாம்பன் கால்வாய் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் 1860-ல் சிப்பி வந்ததே. அப்படியானால் ராபர்ட்சன் சொன்னது தப்பா?

இருக்கலாம். ஒரு பங்கு சரியாகவும் இருக்கலாம். நிரூபிக்க வழியில்லை. ஏனென்றால் கால்வாயைத் தோண்டுவதற்கு முன்னால் நீரோட்டத்தின் வேகம் என்ன, குஞ்சுச் சிப்பி எத்தனை ஒட்டியது என்று யாரும் இதற்காகவே அளந்து வைக்கவில்லை. 1820-களில் தொடங்கிய பாம்பன் வேலையில் இருந்தவர்களில் ஒருவர் ஆர்தர் காட்டன். பின்னாளில் காவிரிக்கும் கோதாவரிக்கும் அணை கட்டிப் புகழ்பெற்ற அதே காட்டன். அவருக்குக் கொடுத்த வேலை கப்பலுக்கு வழி. சிப்பி வேறு டிபார்ட்மெண்ட்!

ஆரம்ப இருப்பு எழுதாத கணக்கில் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வணிகவியல் படிக்கிற பையனுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

* * *

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

1974 ஜூலை 11-ல் தூத்துக்குடி, நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமானது. இயற்கைத் துறைமுகம் கிடையாது. கடலுக்குள் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பி, அதற்கு நடுவே உருவாக்கிய செயற்கைத் துறைமுகம். வ.உ.சி. கப்பல் விட்ட ஊருக்கு இது நியாயமாகக் கிடைக்க வேண்டிய பெருமை. 2011-ல் அவர் பெயரையே துறைமுகத்துக்குச் சூட்டினார்கள். உப்பு, நிலக்கரி, கன்டெய்னர் என்று பல்லாயிரம் குடும்பத்துக்கு அது சோறு போடுகிறது. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அதே காலகட்டத்தில் பக்கத்தில் வேறு ஒன்றும் நடந்தது. கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையை வெட்டி, வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கு, கட்டடத்துக்கு, தொழிற்சாலைக்கு. பவளப்பாறைதானே தீவுக்கு அலைத்தடுப்புச் சுவர்? ஒரு பக்கம் கோடிக்கணக்கில் செலவழித்துச் சுவர் கட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் இயற்கை இலவசமாகக் கட்டிவைத்த சுவரை இடித்து விற்றோம்.

பலன்? 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1960-களின் கடைசியில் சுமார் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் கிட்டத்தட்ட 2 ஹெக்டேர். அதே காலத்தில் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரியாசல்லித் தீவு, 2024-ல் 3, 4 ஹெக்டேருக்கு வந்துவிட்டது.

வான் தீவைக் காப்பாற்ற சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் செய்து, 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கடலில் இறக்கினார்கள். மன்னார் வளைகுடாவைச் சீரமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதியிலிருந்து சுமார் 25 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. தீவு அழிவது மட்டுப்பட்டது, நல்ல விஷயம். ஆனால் சுண்ணாம்பு விற்றுச் சம்பாதித்தவர் யார், கான்கிரீட்டுக்குக் காசு கொடுத்தவர் யார்? லாபம் ஒருத்தர் கணக்கில், நஷ்டம் ஊர் கணக்கில்.

1986-ல் இந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டருக்குக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். பவளம், கடல்பசு, ஆமை, சங்கு, கடல்குதிரை என்று சுமார் 3,600 வகை உயிர்கள். ஆக, 1986-லிருந்து கடலுக்கும் பட்டா உண்டு. பிறகு ஏன் பிரச்சினை?

* * *

சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு. பேப்பரில் அடிக்கடி பார்க்கிற வார்த்தை. அமெரிக்கா 1970-ல் சட்டமாக்கியது. இந்தியாவில் 1994 ஜனவரி 27 அறிவிக்கையில் கட்டாயமானது. 1997-ல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு சேர்ந்தது. 2006 செப்டம்பர் 14-ல் புதிய அறிவிக்கை. விஷயம் இதுதான்: ஒரு பெரிய திட்டம் வருவதற்கு முன்னால் காற்று, நீர், நிலம், உயிர், மக்கள் எல்லாவற்றுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து எழுது. மக்களிடம் கேள். நிபுணர் குழு பார்க்கட்டும். பிறகு அனுமதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் மூன்று ஓட்டைகள்.

முதல் ஓட்டை, காலம். ஒரே ஒரு பருவத்தில், சுமார் மூன்று மாதத்தில், ஆய்வை முடித்துவிடலாம் என்ற ‘துரித’ வழக்கம் ரொம்ப நாளாக இருந்தது. காற்றில் எவ்வளவு தூசி என்பதை மூன்று மாதத்தில் அளந்துவிடலாம். சிப்பியை? ஆடிக் காற்றில் ஒரு கடல், ஐப்பசியில் வேறு கடல். 26 வருஷம் காணாமல் போய் 1860-ல் திரும்பி வந்த உயிர் அது. மூன்று மாதம் போய்ப் பார்த்துவிட்டு ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று எழுதினால் என்ன அர்த்தம்?

இரண்டாவது ஓட்டை, ஆடிட்டர். அறிக்கையை எழுதும் நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருகிறவரே. கம்பெனி ஆடிட்டருக்கும் கம்பெனிதானே காசு கொடுக்கிறது என்று கேட்கலாம். ஆனால் அவரை நியமிப்பது ஷேர்ஹோல்டர்கள் கூட்டம். இங்கே ஷேர்ஹோல்டர் மீனவர். அவருக்குத் தமிழில் கிடைப்பது அறிக்கையின் சுருக்கம் மட்டும். அதுவும் நிபுணர் பாஷையில்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. அறிக்கையில் உயிர்கள் வருவது கடைசியில். ‘இப்பகுதியில் காணப்படும் தாவரங்கள், விலங்குகள்’ என்று ஒரு பட்டியல். கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி வரிசையாகப் பெயர். அதற்குள் இடம் தேர்வாகி, டிசைன் போட்டு, பணத்துக்கும் ஏற்பாடாகியிருக்கும். பட்டியலில் கடல்பசு இருந்தால் மட்டும் என்ன மாறிவிடும்?

பல்லுயிரை மதிப்பீட்டுக்குள் கொண்டுவருவது என்றால் பட்டியலை நீட்டுவது அல்ல. முதல் கேள்வியாகவே அதைக் கேட்பது. இந்த இடம் வேண்டுமா, வேறு இடம் உண்டா? வேறு வழியில்லையென்றால் சேதத்தை எப்படிக் குறைப்பது? ஆனதை எப்படிச் சரிசெய்வது? இதெல்லாம் முடியாது என்றால் கடைசியில்தான் ஈடு. நாம் என்ன செய்கிறோம்? கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம். ‘வெட்டிக்கொள்கிறோம், வேறு எங்காவது நட்டுத் தருகிறோம்.’

* * *

இந்த ஓட்டைகளுக்கு எவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம் தெரியுமா? தூத்துக்குடிக்காரர்களிடம் கேளுங்கள்.

ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது 1995 ஜனவரியில். தேசியப் பூங்காத் தீவுகளிலிருந்து ஆலை எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நடந்தது. 2010 செப்டம்பர் 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. சொன்ன காரணங்களில் தீவுகளின் அருகாமையும் ஒன்று. 2013 ஏப்ரல் 2-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் சுற்றுச்சூழல் சேதத்துக்கு 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 மே 22-ல் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச்சூடு, 13 உயிர்கள் பலி. ஆலைக்குப் பூட்டு. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் அப்பீலைத் தள்ளுபடி செய்தது.

யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுங்கள். ஆலைக்கும் தீவுக்கும் எவ்வளவு தூரம் என்பது செங்கல் வைப்பதற்கு முன்னால் டேப் பிடித்து முடிக்க வேண்டிய விஷயம். 15 வருஷம் கழித்துக் கோர்ட்டில் அளந்தோம்.

அடுத்து சேது சமுத்திரம். 1860-ல் கமாண்டர் டெய்லர் போட்ட பிள்ளையார் சுழி. 1955-ல் ராமசாமி முதலியார் கமிட்டி. கடைசியில் 2005 ஜூலை 2-ல் பிரதமர் மன்மோகன் சிங் மதுரையில் தொடங்கிவைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். மதிப்பு 2,427 கோடி ரூபாய். தோண்டியெடுக்க வேண்டிய மண் 8 கோடி கனமீட்டருக்கும் மேல். ஒரு லாரிக்கு 10 கனமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 80 லட்சம் லாரி!

நீரி என்ற தேசிய ஆய்வு நிறுவனம் மதிப்பீடு செய்தது. கால்வாய்ப் பாதை வான் தீவிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளிப் போகும் என்றது. அந்த அறிக்கை 2004-ல் தயாரானது. அதே வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி. அனுமதி கிடைத்தது 2005 மார்ச் 31-ல். இடையில் சுனாமி நிபுணர் டாட் மூர்த்தி, இந்தப் பாதை அடுத்த சுனாமியை எங்கே திருப்பிவிடும் என்று கேட்டார். கலக்கப்பட்ட சேறு எத்தனை நாள் நீரில் மிதக்கும், பவளத்தின் மேல் எவ்வளவு படியும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். பதில்கள் திருப்தியாக வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது.

2007-ல் உச்ச நீதிமன்றம் ஆதம் பாலத்தைச் சேதப்படுத்தத் தடை போட்டது. அந்தத் தடை ராமர் பாலம் என்ற நம்பிக்கையை முன்வைத்து வந்த வழக்கில். பவளத்துக்காக வந்த தடை அல்ல. மாற்றுப் பாதையை ஆராய்ந்த பச்சௌரி கமிட்டி, அது சுற்றுச்சூழலுக்கும் சரிவராது, பொருளாதாரத்துக்கும் சரிவராது என்று சொல்லிவிட்டது. அதற்குள் செலவானது 800 கோடியை ஒட்டி. 2023 ஜனவரி 12-ல் தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டது. கால்வாயும் வரவில்லை, காசும் திரும்பவில்லை. கேள்விக்கு முழுப் பதிலும் இல்லை.

முதலிலேயே இரண்டு வருஷம் ஒழுங்காகப் பார் பார்த்திருந்தால், ஒன்று கால்வாய் சரியான இடத்தில் வந்திருக்கும். இல்லை, 800 கோடி மிஞ்சியிருக்கும்.

* * *

‘இதெல்லாம் நடக்கிற காரியமா சார்? உலகத்தில் எந்த நாடு சிப்பிக்காக எஞ்சினீயரிங் பிளானை மாற்றும்?’ என்று கேட்பீர்கள்.

ஒரு நாடு மாற்றியது. தூத்துக்குடியை ஒரு காலத்தில் ஆண்ட அதே டச்சுக்காரர்கள்!

1953-ல் நெதர்லாந்தில் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் செத்துப்போனார்கள். இனி விடக் கூடாது என்று கழிமுகங்களை ஒவ்வொன்றாக அணை போட்டு மூட ஆரம்பித்தார்கள். ஊஸ்டர்ஸ்கெல்டே என்ற கழிமுகத்தின் முறை வந்தபோது மீனவர்களும் சிப்பி வளர்ப்பவர்களும் எழுந்து நின்றார்கள். மூடினால் உப்புநீர் வராது, சிப்பி சாகும் என்றார்கள். உயிருக்கு ஆபத்தான விஷயம், சிப்பியா முக்கியம் என்று மறுபக்கம் கேட்டது. நியாயமான கேள்விதான்.

1976-ல் அரசு பிளானை மாற்றியது. முழுச் சுவருக்குப் பதில் 62 இரும்புக் கதவுகள். சாதாரண நாளில் கதவு திறந்திருக்கும், கடல் போய் வரும். புயல் வந்தால் மூடிக்கொள்ளும். செலவு எக்கச்சக்கமாக எகிறியது. கொடுத்தார்கள். 1986 அக்டோபரில் ராணி பியாட்ரிக்ஸ் திறந்துவைத்தார். மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்கா என்று நாம் அறிவித்த அதே 1986!

கவனியுங்கள். அவர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை. ஊரையும் காப்பாற்றினார்கள், சிப்பியையும் காப்பாற்றினார்கள். சிப்பிக்காரன் சொன்னதை எஞ்சினீயர் காதில் வாங்கினார். அதற்குத்தான் இந்த மதிப்பீடு என்கிற ஏற்பாடே.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1992 ரியோ மாநாட்டில் உருவான பல்லுயிர் ஒப்பந்தத்தின் 14-ஆவது பிரிவு இதையேதான் சொல்கிறது. இந்தியா கையெழுத்துப் போட்டது. 2002-ல் கொண்டுவந்த பல்லுயிர்ச் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலும் இருக்கிறது. உள்ளூரில் பல்லுயிர்க் குழு அமைத்து, மக்களே தங்கள் ஊர் உயிர்களின் பதிவேட்டை எழுதலாம் என்றும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆரம்ப இருப்புக் கணக்கு எழுத இதைவிட நல்ல நோட்டு வேறு என்ன வேண்டும்? எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் இன்றைக்கும் சங்கு குளிக்கிறார்கள். எந்தப் பாரில் எது குறைந்தது, எந்த வருஷம் சேறு ஏறியது என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. துறைமுகத்துக்கு ஒரு ஃபைல், அனல்மின் நிலையத்துக்கு ஒரு ஃபைல், ஆலைக்கு ஒரு ஃபைல், கால்வாய்க்கு ஒரு ஃபைல். ஒவ்வொரு ஃபைலிலும் ‘பாதிப்பு குறைவு’ என்று இருக்கும். உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஃபைல்தான் நாலு, கடல் ஒன்று. நாலு குறைவையும் யாராவது கூட்டிப் பார்க்க வேண்டாமா?

2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் நரேந்திர மோடி தூத்துக்குடி வெளித்துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். மதிப்பு 7,056 கோடி ரூபாய். பெரிய கன்டெய்னர் கப்பல்கள் கொழும்புக்குப் போகாமல் நேராக இங்கே வரும் என்பது கனவு. வ.உ.சி. கண்ட கனவின் அடுத்த பாகம் என்றே சொல்லலாம். வரட்டும். வந்தால் தென்மாவட்டங்களுக்கு வேலை கிடைக்கும்.

ஆனால் புதிய சுவர் எழும்பும், கடல் மறுபடி தோண்டப்படும். எதிரே வான் தீவு, கான்கிரீட் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருக்கிறது. தோண்டுவதற்கு முன்னால் ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை ஆள் இறங்கட்டும். பாருக்குப் பார் எண்ணட்டும். எண்ணியதைத் தமிழில் எழுதி, மீனவர் வீதியில் ஒட்டட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கல்லை எங்கே கொட்டுவது, தோண்டிய சேற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, எந்த மாதம் டிரெட்ஜரை நிறுத்துவது என்று முடிவு செய்யட்டும்.

அதிகம் கேட்கவில்லை. வருமானத்தை மட்டுமே யோசித்த கம்பெனிக்காரன், கையில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் இல்லாமல், 13 தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இல்லை என்று தெரிந்த வருஷம் கைவைக்காமல் திரும்பினான். நம்மிடம் சட்டம் இருக்கிறது, சாட்டிலைட் இருக்கிறது, விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், விவரம் தெரிந்த குளியாளர்களும் இருக்கிறார்கள்.

ஒரு தடவையாவது ஒழுங்காகப் போய்ப் பார்க்கலாமே!